காலில் சிவப்புப் புள்ளிகள்: அழுத்திப் பார்த்தீர்களா?

கேள்வி: எனக்கு வயது 48. நாள் முழுக்க நின்றபடியே செய்யும் வேலை. ஐந்து மாதங்களாக இரண்டு கால்களிலும் கணுக்காலைச் சுற்றியும் அதற்கு மேலேயும் கடுகளவில் சிவப்புப் புள்ளிகள் வருகின்றன. வலியோ அரிப்போ இல்லை. பழையவை பழுப்பாகி அப்படியே தங்கிவிட, பக்கத்தில் புதியவை முளைக்கின்றன. மாலையானால் பாதம் லேசாக வீங்குகிறது. ரத்த அழுத்தத்துக்காக ஒரு வருடமாக அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறேன், சர்க்கரை நோய் இல்லை. அலர்ஜி மாத்திரை 10 நாள் போட்டுப் பார்த்தேன். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை இரண்டு மாதமாகத் தடவுகிறேன். ஒன்றும் கேட்கவில்லை. ரத்தம் கெட்டுப்போனதால் வருவது என்று பயமுறுத்துகிறார்கள். இது என்ன, எப்படிச் சரிசெய்வது? – ஒரு வாசகி

பதில்: ரத்தம் கெட்டுப்போவது என்று ஒரு நோய் மருத்துவத்தில் கிடையாது. அந்தப் பயத்தை விடுங்கள். உங்கள் ரத்தம் குழாய்க்குள் இருக்கிறதா, குழாயை விட்டு வெளியே கசிந்திருக்கிறதா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. அதை வீட்டிலேயே அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். எந்தக் களிம்பு என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

அடிப்பாகம் வழுவழுப்பாக, நிறமில்லாமல் இருக்கும் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, புதிதாக வந்த ஒரு புள்ளியின் மேல் அதை வைத்து ஐந்து விநாடி நன்றாக அழுத்துங்கள். அழுத்தியபடியே கண்ணாடி வழியாகப் பாருங்கள். சிவப்பு வெளுத்து மறைந்து, டம்ளரை எடுத்ததும் திரும்ப வந்தால், அது விரிந்த ரத்தக்குழாய்க்குள் ஓடும் ரத்தம். பூச்சிக்கடி, ஒவ்வாமைத் தடிப்பு, சாதாரண அழற்சி எல்லாம் இந்த வகை. எவ்வளவு அழுத்தினாலும் புள்ளி அசையாமல் அதே நிறத்தில் நின்றால், ரத்தம் நுண்குழாயிலிருந்து கசிந்து தோலுக்குள் தங்கிவிட்டது என்று பொருள். பழுப்பாகிப்போன பழைய புள்ளியில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அது எப்படியும் மறையாது. மாநிறமும் கறுப்புமான தோலில் புள்ளி சிவப்பாகவே தெரியாமல் கருஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரிவதும் உண்டு. அப்படி இருந்தால் உள்ளங்கால், வாயின் மேலண்ணம், கீழ் இமையின் உட்புறம் ஆகிய இடங்களையும் பாருங்கள். அங்கே நிறம் ஏமாற்றாது.

அடுத்து கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தோல் மட்டத்தோடு தட்டையாக இருந்தால் ஒரு வகை. சிறு மணிபோல விரலில் தட்டுப்பட்டால் அது வேறு கதை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் புள்ளிகள் அழுத்தினால் மறையாதவை, தட்டையானவை என்றே தோன்றுகிறது. இரண்டு காலிலும் ஒரே மாதிரி, அரிப்பில்லாமல், மாதக்கணக்கில் மெதுவாக, பழையது பழுப்பாகிப் புதியது சிவப்பாக வருவது என்றால் முதலில் நினைக்க வேண்டியது கேப்பிலரைட்டிஸ், அதாவது தோலின் நுண்குழாய்களில் ஏற்படும் லேசான அழற்சி. இதில் அதிகம் காணப்படும் வகைக்கு ஷாம்பெர்க் நோய் என்று பெயர், 1901-இல் விவரிக்கப்பட்டது. மிளகாய்த் தூளைக் காலில் தூவிவிட்டது போல இருக்கும் என்பதுதான் இதற்கு எப்போதும் சொல்லும் உவமை. பெயரில் நோய் இருந்தாலும் உள்ளுறுப்பு எதையும் இது தொடுவதில்லை. பார்க்கத்தான் பயமாக இருக்கும்.

பழுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? கசிந்த சிவப்பணுக்கள் தோலுக்குள் உடைகின்றன. அவற்றிலிருக்கும் இரும்பு ஹீமோசிடெரின் என்ற துகளாக அங்கேயே படிகிறது. கிட்டத்தட்ட துருக்கறைதான். கறை தோலின் உள்ளடுக்கில் இருப்பதால் தேய்த்துக் குளித்தாலோ, நிறம் வெளுக்கும் கிரீம் போட்டாலோ போகாது. உடல் அந்த இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிக்கொண்டு போக மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள்கூட. எனவே சிகிச்சை பலிக்கிறதா என்பதைப் பழுப்புக் கறையை வைத்து அளக்காதீர்கள். புதிய சிவப்புப் புள்ளி வருவது நின்றதா என்பதுதான் அளவுகோல். இதைப் புரிந்துகொள்ளாமல் மூன்று வாரத்துக்கு ஒரு களிம்பு மாற்றுபவர்கள் நிறைய.

ஏன் காலில் மட்டும்? அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் உள்ள சிரைகளில் ஏறத்தாழ 80 முதல் 90 மி.மீ. பாதரச அழுத்தம் நிற்கிறது. இதயத்திலிருந்து கணுக்கால் வரை உள்ள ரத்தத் தூணின் எடை அது. நடந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். சிரைகளின் வால்வுகள் நன்றாக இருந்தால் அழுத்தம் 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஆக, நடப்பவரைவிட நிற்பவருக்குத்தான் காலில் சுமை அதிகம். அதே அழுத்தம் நுண்குழாய் வரை பின்வாங்கி, பலவீனமான இடத்தில் சிவப்பணுவை வெளியே தள்ளிவிடுகிறது. வெரிகோஸ் வெயின் இருந்தால் வால்வு கசிவதால் நடந்தாலும் அழுத்தம் இறங்காது. கணுக்காலின் உட்புறத்தில் நீலச் சிரை புடைத்திருக்கிறதா, அங்கே தோல் தடித்து அரிக்கிறதா என்று நின்றபடி பாருங்கள். இருந்தால் சிரைகளில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் கவனிக்க வேண்டிய வரி அம்லோடிபின். அது நுண்தமனிகளை விரிக்கும் அளவுக்குச் சிரைகளை விரிப்பதில்லை. உள்ளே வரும் வழி அகன்று, வெளியேறும் வழி அப்படியே இருந்தால் நடுவில் உள்ள நுண்குழாயில் அழுத்தம் ஏறும். மாலை நேரப் பாத வீக்கம் அதனால் வரலாம். உடலில் நீர் அதிகமாகி வரும் வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரை போட்டாலும் பெரிதாக வற்றாது. இந்த மருந்துக் குடும்பம் கேப்பிலரைட்டிஸைத் தூண்டுவதாகவும் பதிவுகள் உண்டு. ஆஸ்பிரின், நீர் மாத்திரையான ஃப்யூரோசமைடு போன்றவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நீங்கள் மாத்திரை தொடங்கி ஏழு மாதம் கழித்துப் புள்ளிகள் வந்திருப்பதால் மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. சந்தேகிக்க இடம் இருக்கிறது, அவ்வளவே. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புள்ளிகளால் ஆபத்தில்லை, ரத்த அழுத்தம் கட்டுக்கு மீறினால் ஆபத்து. மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் வீக்கத்தையும் புள்ளியையும் காட்டி, மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அளவைக் குறைப்பது, வேறு வகைக்கு மாற்றுவது, டெல்மிசார்டன் போன்ற இன்னொரு ரத்த அழுத்த மாத்திரையைச் சேர்ப்பது என்று அவருக்கு வழிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு இரண்டு மூன்று மாதம் பொறுத்துத்தான் முடிவு தெரியும்.

அலர்ஜி மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பது எளிது. அது ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து. அரிப்பும் தடிப்பும் ஹிஸ்டமினின் வேலை. கசிந்துவிட்ட ரத்தத்துக்கு அதோடு சம்பந்தமில்லை. ஸ்டீராய்டு களிம்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டும். அரிப்பு இருந்தால், நடுத்தர வீரியமுள்ள ஒன்றை நாளைக்கு ஒரு முறை 2 முதல் 4 வாரம் போடலாம். அதோடு நிறுத்த வேண்டும். இரண்டு மாதம் போனால் தோல் மெலியும், நுண்குழாய்க்குத் தாங்கலாக இருக்கும் கொலாஜன் கரையும், லேசாக இடித்தாலே ரத்தம் கசியும். எந்தப் புள்ளியை அடக்கத் தடவினீர்களோ அதையே அது வரவழைக்கும். உங்கள் டியூபில் ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட கலவைக் களிம்புகள்தான் அதிகம் கைமாறுகின்றன. இரண்டு மாதம் தடவியதைச் சட்டென்று விட்டால் சிலருக்குத் தோல் சிவந்து எரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பதிலாக என்ன செய்வது? உங்களுக்கு மிக அதிகப் பலன் தரக்கூடியது காலுக்குப் போடும் அழுத்த உறை, கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸ். முழங்காலுக்குக் கீழ் வரை இருந்தால் போதும். வீக்கம் லேசாக இருப்பதால் 15–20 மி.மீ. அழுத்தத்தில் தொடங்கலாம், வெரிகோஸ் வெயின் உறுதியானால் 20–30 தேவைப்படும். வாங்கும் முன் ஒரு பரிசோதனை கட்டாயம்: பாதத்தில் நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றால் சரியாகிறவர்களுக்கும், பாதம் சில்லென்று இருப்பவர்களுக்கும் தமனி அடைப்பு இருக்கக்கூடும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டால் வரும் விகிதம் 0.9-க்கு மேல் இருப்பது நல்ல நிலை. 0.8-க்குக் கீழே என்றால் நிபுணர் சொல்லாமல் இறுக்கமான உறை போடக் கூடாது, இருக்கும் கொஞ்ச ரத்த ஓட்டமும் தடைபடும்.

உறை சரியாகப் பயன்படாமல் போவதற்குப் பெரும்பாலும் அளவும் நேரமும்தான் காரணம். காலையில் எழுந்த உடனே, வீக்கம் ஏறும் முன், கணுக்காலின் மிக ஒடுங்கிய இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம் என மூன்றையும் அளந்து, அட்டையில் போட்டிருக்கும் அளவோடு பொருத்தி வாங்குங்கள். மாலையில் அளந்து வாங்கினால் காலையில் தொளதொளக்கும். படுக்கையை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும். எழுந்து நடமாடி வீக்கம் வந்த பிறகு போட்டால் ஏறவும் ஏறாது, பலனும் பாதிதான். போடும்போது உறைக்குள் கையை விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரைக்கும் உள்வெளியாகத் திருப்புங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகால் சரியாகக் குதிகாலில் உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகு மேலே உருட்டுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் வழுக்காமல் ஏறும். மேல் விளிம்பை ஒருபோதும் மடித்துவிடாதீர்கள். மடித்த இடத்தில் இரட்டை அழுத்தம் விழுந்து கயிறு கட்டியது போலாகி, கீழே வீக்கம் கூடும். இரவில் கழற்றி, மிதமான சோப்பில் அலசி நிழலில் காய வையுங்கள். ஆறு மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டியதுதான்.

வேலையிடத்தில் அரை மணிக்கு ஒரு முறை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், 15 முதல் 20 தடவை. யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கால் இதயத்தைவிட மேலே இருக்கும்படி தலையணை அடுக்கிப் படுத்து 20 நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டுவது ஓய்வுதான், ஆனால் இந்தக் கணக்கில் சேராது. தோலுக்கு, குளித்துத் துடைத்த மூன்று நிமிடத்துக்குள் மணமில்லாத மாய்ஸ்சரைசரோ வெள்ளை வாஸ்லினோ, ரோமம் வளரும் திசையிலேயே கீழ்நோக்கித் தடவுங்கள். எதிர்த்துத் தேய்த்தால் ரோமக்கால் அடைத்துக்கொண்டு புதிதாகச் சிவப்புப் பரு வரும், குழப்பம் இரட்டிப்பாகும்.

வைட்டமின் சி 500 மி.கி. நாளைக்கு இரு வேளை, தாவரங்களிலிருந்து எடுக்கப்படும் ருடோசைடு 50 மி.கி. இரு வேளை என்று சில மருத்துவர்கள் எழுதுவார்கள். சிறிய அளவிலான ஆய்வுகளில் பலருக்குப் புள்ளிகள் குறைந்திருக்கின்றன. அடிப்படை ஆதாரம் மெலிதுதான். ஆனாலும் தீங்கு குறைவு என்பதால் மூன்று மாதம் முயன்று பார்ப்பதில் தவறில்லை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் வைட்டமின் சி-யை அந்த அளவில் எடுக்க வேண்டாம்.

இத்தனையும் சொன்னாலும், கடிதத்தை வைத்து நோயை முத்திரையிட முடியாது. இரண்டு வாரத்துக்குள் ஒரு தோல் மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ காட்டி, முழு ரத்த எண்ணிக்கையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். முதலாவது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்காக. இயல்பு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. அது 1.2 லட்சமாகக் குறைந்தால் காலில் புள்ளி வராது. தானாகவே புள்ளி வருவது பெரும்பாலும் 30,000-க்குக் கீழே போன பிறகுதான். அப்போது காலோடு நிற்காமல் ஈறு, மூக்கு, வாயின் உட்புறம் எல்லாவற்றிலும் கசிவு தெரியும். சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகத்தின் நுண்குழாய்களும் அழற்சியில் மாட்டியிருக்கின்றனவா என்பதற்கு. இரண்டும் நன்றாக இருந்து, புள்ளிகள் முழங்காலுக்குக் கீழேயே இருந்தால் தோலை வெட்டிச் சோதிக்க வேண்டியதில்லை. தொடை, வயிறு என்று ஏறிக்கொண்டே போனாலோ, ஒரு வருடம் தாண்டிப் பரவினாலோ 4 மி.மீ. பஞ்ச் பயாப்ஸி, அதாவது தோலில் சிறு துண்டு வெட்டிச் சோதிப்பது, செய்துவிடுவது நல்லது. தோலில் மிக அரிதாக வரும் ஒரு லிம்போமா (வெள்ளையணுப் புற்றுநோய்) ஆரம்பத்தில் இதே வேடத்தில் வரும்.

இனி, விரலில் மணிபோலத் தட்டுப்படும் வகை. அழுத்தினால் மறையாமல், மேடாகவும் இருந்தால் அது வாஸ்குலைட்டிஸாக இருக்கலாம்: குழாய்ச் சுவரே அழற்சியில் சிதைகிறது. ஒரு தொற்றுக்கோ புதிய மருந்துக்கோ 7 முதல் 10 நாள் கழித்துத் திடீரென இரு கால்களிலும் வாரியிறைத்தது போல வரும். எரிச்சலோ வலியோ இருக்கும். குழந்தைகளுக்குச் சளி காய்ச்சலுக்குப் பிறகு கால்களிலும் பிட்டத்திலும் இப்படி வந்து, கூடவே மூட்டுவலியும் வயிற்றுவலியும் இருந்தால் ஐ.ஜி.ஏ. வாஸ்குலைட்டிஸ். பெரும்பாலும் சில வாரத்தில் தானாகத் தணியும். ஆனால் சிறுநீரகம் பிறகு தாமதமாகப் பாதிக்கப்படலாம்; அதனால் புள்ளி மறைந்த பின்னும் ஆறு மாதம் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். இதை விட்டுவிடும் பெற்றோர்கள்தான் அதிகம். பெரியவர்களுக்கு வந்தால் காரணம் தேட ரத்தப் பரிசோதனைகளும் பயாப்ஸியும் தேவை. பயாப்ஸியை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்த புதுப் புள்ளியிலிருந்து எடுக்க வேண்டும், பழையதில் எடுத்தால் தடயம் அழிந்திருக்கும்.

வெயிலில் நீண்ட தூரம் நடந்த அன்று மாலை, காலுறை மூடிய இடம் தப்பி, அதற்கு மேலே மட்டும் சிவந்தால் பயப்பட வேண்டாம். நடையால் வரும் வாஸ்குலைட்டிஸ் அது, பத்து நாளுக்குள் போய்விடும்.

அழுத்தினால் மறையும் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணுக்காலில் மூன்று நான்காகக் கொத்தாக, நடுவில் ஊசி குத்தியது போன்ற புள்ளியோடு, தாங்க முடியாத அரிப்புடன் இருந்தால் பூச்சிக்கடி, பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. காலில் களிம்பு போடுவதோடு வீட்டு நாய் பூனைக்கும் வைத்தியம் பார்த்தால்தான் நிற்கும். வட்டமாக, ஓரம் மேடாகச் செதில்விட்டு, நடு தெளிந்து விரிந்தால் படர்தாமரை. இதில் ஸ்டீராய்டு தடவினால் ஒரு வாரம் அடங்கியது போல நடித்துவிட்டுப் பிறகு வட்டமே அடையாளம் தெரியாமல் பரவும். வெள்ளி நிறச் செதில் உரிந்தால் சொரியாசிஸ். ஊதா நிறத்தில் தட்டையான மேடுகளாக அரித்தால் லைக்கன் பிளானஸ்.

ஒவ்வொரு சிவப்புப் புள்ளியின் நடுவிலும் ஒரு ரோமம் இருந்தால் ரோமக்கால் அழற்சி. சவரம் செய்த அல்லது மெழுகு போட்டு ரோமம் பிடுங்கிய இரண்டு நாளில் வரும். மூன்று வாரம் ரேஸரைத் தொடாமல், 4 அல்லது 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு வாஷை ஒரு நிமிடம் வைத்துக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும். அது துண்டையும் உடையையும் வெளுக்கும், வெள்ளைத் துண்டைப் பயன்படுத்துங்கள். ஆனால் ரோமத்தைச் சுற்றி ரத்தம் கசிந்த வளையமும், சுருள்கம்பி போல வளைந்த ரோமமும், ஈறு வீக்கமும் சேர்ந்திருந்தால் அது ஸ்கர்வி, வைட்டமின் சி பற்றாக்குறை. காய்கனி சாப்பிடாத முதியவர்களிடம் இன்றும் வருகிறது.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம், தொட்டாலே வலிக்கும் சிவந்த கட்டிகளாக இருந்தால் எரித்தீமா நோடோசம். தொண்டைத் தொற்று, காசநோய், சில மாத்திரைகள், கர்ப்பம் என்று காரணம் வேறு எங்கோ இருக்கும். நெஞ்சு எக்ஸ்ரே உட்படத் தேட வேண்டும். ஒரே காலில் மட்டும் சூடாக, வலியோடு, மணிக்கு மணி விரியும் சிவப்பு என்றால் செல்லுலைட்டிஸ், தோலுக்கடியில் பரவும் கிருமித் தொற்று. பேனாவால் சிவப்பின் எல்லையைக் கோடு போட்டுவைத்து அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

காத்திருக்கவே கூடாதவை: மறையாத புள்ளிகளோடு காய்ச்சல், கழுத்து விறைப்பு, குழப்பம் இருந்தால் மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம், அங்கே நேரம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது, நேராக அவசரப் பிரிவு. காய்ச்சல் குறைந்து வரும் நாளில் புள்ளி வந்து, வயிற்றுவலியும் விடாத வாந்தியும் சேர்ந்தால் டெங்குவின் ஆபத்துக் கட்டம். அந்தக் காய்ச்சலில் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கூடவே கூடாது, பாராசிட்டமால் மட்டும். வாயில் ரத்தக் கொப்புளம், கருந்தார் போன்ற மலம், கறுத்த சிறுநீர், ஒரே கெண்டைக்காலில் வலியோடு வீக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

மருத்துவரிடம் போகும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். இன்றைக்குப் புதிதாகத் தெரியும் நான்கைந்து புள்ளிகளைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். டம்ளரை அழுத்தியபடி ஒரு படமும் எடுத்து, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அதே இடத்தைத் திரும்ப எடுங்கள். வட்டத்துக்கு வெளியே எத்தனை புதிதாக வந்தன என்பதே அவருக்குப் பாதி விடை. அந்த ஒரு வாரம் காலில் மாய்ஸ்சரைசர் தவிரப் புதிதாக எதையும் போடாதீர்கள், குறைத்துவரும் ஸ்டீராய்டை மட்டும் அதற்குரிய நாளில் இரவில் போட்டுக்கொள்ளலாம். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றின் அட்டையையும், வலிக்கு எப்போதாவது போடுவது, மீன் எண்ணெய் கேப்சூல் போன்ற 'சத்து மாத்திரை' என்று கணக்கில் சேர்க்காமல் விடுவது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். களிம்பு டியூபும் அதில் இருக்கட்டும்.